சாரணர் அணிக் கூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் சாரண ஆசிரியர்களும், முதல்முறை அணித் தலைவராகும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சீருடை அளவு, பதிவுக் கட்டணம், விருதுத் தேர்வு எல்லாம் இதில் வராது. ஆறேழு பேர் வட்டமாக உட்காரும் அந்தச் சின்னக் கூட்டத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

அணிக் கூட்டம் என்றால் என்ன? வாராவாரம் ட்ரூப் கூட்டம் நடக்கிறதே, அது போதாதா?

ட்ரூப் என்பது முழுப் படை. அதற்குள் இருக்கும் சிறு குழுதான் அணி; பள்ளிகளில் பேட்ரோல் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ட்ரூப் கூட்டத்தில் எல்லா அணிகளும் சேர்ந்து நிற்கும். கொடியேற்றம், பிரார்த்தனை, பெரிய விளையாட்டு, ஆசிரியர் நடத்தும் பாடம் எல்லாம் அங்கே. அணிக் கூட்டத்தில் அந்த ஓர் அணியின் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். நடத்துபவர் அணித் தலைவர்.

ட்ரூப் கூட்டம் மட்டும் போதாது. 30 பேர் முன்னால் நின்று ஆசிரியர் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டினால் முன்வரிசையில் இருக்கும் எட்டுப் பேர் கற்றுக்கொள்வார்கள், மற்றவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். அதே முடிச்சை ஏழு பேர் வட்டத்தில் ஒரு அண்ணன் காட்டும்போது தலையாட்டித் தப்பிக்க முடியாது. அணிக் கூட்டமே நடக்காத ஒரு படையில் நடப்பது, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ட்ரில் வகுப்புதான்.

ட்ரூப் கூட்டத்தின் நடுவே 15 நிமிடம் அணிகளைப் பிரித்துவிடுவதை பேட்ரோல் கார்னர் என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் சுற்றிலும் மற்ற அணிகளின் சத்தம், மணி அடித்தால் எழ வேண்டிய அவசரம் இரண்டும் இருக்கும். அது தனிக் கூட்டத்தின் இடத்தை நிரப்பாது.

ஓர் அணியில் எத்தனை பேர்? ஏன் அந்த எண்ணிக்கை?

ஆறு முதல் எட்டு. ஒரு படையில் 32 பேருக்கு மேல் போகக்கூடாது என்பதால், முழு அளவில் உள்ள படை நான்கு அணிகளாக நிற்கும்.

ஐந்து பேராகக் குறைந்தால், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றதும் மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள், விளையாட்டுகூட நடக்காது. ஒன்பது, பத்து என்று ஏறினால் கூட்டம் தானாக இரண்டாக உடையும். ஒரு பாதி தலைவரைச் சுற்றி இருக்கும், மறு பாதி பின்னால் உட்கார்ந்து கிரிக்கெட் பேசும். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவரால் ஒரே நேரத்தில் கண்ணில் வைத்துக்கொள்ள முடிகிற தலைகள் ஏழெட்டுதான்.

இந்த முறை இயக்கத்தைவிடக் கொஞ்சம் மூத்தது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சோதனை முகாம் நடத்தியபோதே, வந்திருந்த இருபது சொச்சம் சிறுவர்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோட்டான் என்று நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனைத் தலைவனாக்கினார். (இந்தக் கோட்டான் ஆந்தை இனம் இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வருவதும் அதுதான்.)

22 பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

மூன்று அணிகள்: 8, 7, 7. நான்காகப் பிரித்தால் இரண்டு அணிகள் ஐந்தில் நிற்கும்.

வகுப்புவாரியாகப் பிரிக்காதீர்கள். ஆறாம் வகுப்பு மொத்தமும் ஓர் அணி, ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் ஓர் அணி என்று பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் சின்ன அணிக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது, பெரிய அணியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளச் சின்னவர்கள் இருக்க மாட்டார்கள். இயக்கத்தில் சாரணர் வயது 10 முதல் 17 வரை. அந்த வயது வித்தியாசம் ஒவ்வோர் அணிக்குள்ளும் இருக்க வேண்டும். ஏழு பேர் அணியில் மூத்தவர் இருவர், நடுவயதில் மூவர், புதியவர் இருவர் என்பது நன்றாக ஓடுகிற கலவை.

உயரப்படி வரிசையில் நிற்கவைத்து 1, 2, 3 என்று எண்ணச் சொல்லிப் பிரிப்பதும் வேண்டாம். நண்பர்கள் மூன்றாகச் சிதறுவார்கள், மனது ஒட்டாது. ஒரு சீட்டில், யாரோடு இருக்க விருப்பம் என்று இரண்டு பெயர் எழுதச் சொல்லுங்கள். அதில் ஒன்றாவது நிறைவேறும்படி அடுக்குங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் ஓர் அணியில் இருந்தால் விடுமுறையிலும் கூட்டம் நடக்கும். அதை முதலில் பாருங்கள்.

பிரித்த பிறகு வருடாவருடம் கலைக்கக் கூடாது. அணியைப் பள்ளி செக்‌ஷன் மாதிரி ஜூனில் மாற்றி அமைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அங்கே அணிக் கொடி என்பது வெறும் துணி.

அணிப் பெயர், கொடி, கூவல் எல்லாம் அவசியமா? சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறதே?

பெரியவர்களுக்குத்தான் அப்படித் தெரியும். சாரணர் அணிகள் பறவை அல்லது விலங்கின் பெயரை எடுத்துக்கொள்ளும், சாரணியர் அணிகள் பூவின் பெயரை. பெயரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே நிபந்தனை, அந்தப் பறவையை அவர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். சிங்கம், புலி, கழுகு என்று போகாமல் மீன்கொத்தி, செம்போத்து, கரிச்சான் என்று வைத்தால், அந்தக் குரலைக் கேட்டுக் கற்று அதையே அணியின் கூவலாக வைத்துக்கொள்ளலாம். இருட்டிலும் புதர் மறைவிலும் அணியை ஒன்றுசேர்க்க விசிலைவிட அது உதவும்.

உள்ளூர் வாடை வேண்டும் என்பது இங்கே பழைய எண்ணம். 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கியபோது, பிள்ளைகள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாடல்களைப் பாடினார்கள்.

அணித் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது?

அணிப் பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டு, சாரண ஆசிரியர் உறுதிசெய்வது. வெறும் கைதூக்கும் தேர்தல் வைத்தால் கிரிக்கெட் நன்றாக ஆடும் பையன் ஜெயிப்பான். ஆசிரியர் தானே நியமித்தால் முதல் ரேங்க் பையன் வருவான். இரண்டுமே சில நேரம் சரியாக அமையும், பல நேரம் அமையாது. பார்க்க வேண்டியது இரண்டு: புதுப்பையன் தப்புச் செய்தால் சிரிக்காமல் சொல்லித்தருகிறானா, சொன்ன நேரத்துக்கு வருகிறானா.

துணைத் தலைவரை, அதாவது செகண்டை, அணித் தலைவரே தேர்ந்தெடுக்கட்டும். சேர்ந்து வேலை செய்யப் போவது அவர்கள் இருவரும்தான். சட்டைப் பையின் மீது அணித் தலைவருக்கு இரண்டு பட்டை, துணைத் தலைவருக்கு ஒன்று. பட்டை தைப்பதற்கு முன் ஒரு மாதம் பொறுப்பில் வைத்துப் பார்ப்பது நல்லது. தைத்ததைப் பிரிப்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய அவமானம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? எங்கே?

வாரம் ஒன்று ட்ரூப் கூட்டம் என்றால், இரண்டு வாரத்துக்கு ஓர் அணிக் கூட்டம் குறைந்தபட்சம். வாராவாரம் நடத்த முடிந்தால் இன்னும் நல்லது. 60 நிமிடம் போதும். 90ஐத் தாண்டினால் சின்னப் பிள்ளைகள் நெளிவார்கள்.

இடம் நிலையாக இருக்க வேண்டும். பள்ளி மைதானத்து வேப்பமரத்தடி, சைக்கிள் ஸ்டாண்டின் ஓர் ஓரம், ஒரு பிள்ளையின் வீட்டுத் திண்ணை, எதுவானாலும் அது இந்த அணியின் இடம் என்று இருக்கட்டும். மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். மூங்கிலும் கயிறும் வைத்து வேலை செய்யும் கூட்டம் இது.

நாளும் நேரமும் அணியே முடிவு செய்யட்டும். டியூஷன் இல்லாத நாள் எது என்று கேட்டால் ஏழு பேருக்கு ஏழு பதில் வரும். பெரும்பாலும் சனிக்கிழமை காலை 7 மணியில் வந்து முடியும். பள்ளிப் பேருந்தில் வருகிற பிள்ளைகள் இருந்தால் சனி, ஞாயிறு கணக்கு எடுபடாது. அவர்களுக்கு வேலைநாளில் பள்ளி விட்டதும் 40 நிமிடம் ஒதுக்கித்தர வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் எப்படி ஓட வேண்டும்?

இது ஒரு மாதிரிதான். நிமிடங்களை அணி மாற்றிக்கொள்ளலாம், வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

முதல் 5 நிமிடம் திறப்பு: வட்டமாக நிற்பது, அணிக் கூவல், பிரார்த்தனை, வருகைப் பதிவு. தாமதமாக வருபவருக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒருமுறை காத்திருந்தால் அடுத்த முறை நேரத்துக்கு வந்தவனும் தாமதமாக வருவான்.

அடுத்த 5 நிமிடம் ஆய்வு. ஸ்கார்ஃப், நகம், கைக்குட்டை, நோட்டு, பென்சில், இரண்டு மீட்டர் கயிறு. தலைவர் முதலில் தன்னுடையதைக் காட்டிவிட்டுத்தான் மற்றவருடையதைக் கேட்க வேண்டும்.

10 நிமிடம் விஷயம் பேசுதல்: போன கூட்டத்தின் குறிப்பு வாசிப்பு, சந்தா, அடுத்த வெளிச்செயல். உட்காரும்போது தலைவருக்கு நேர் எதிரே துணைத் தலைவர் உட்காரட்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் இருவரும் கிசுகிசுப்பார்கள், எதிர்ப்பக்கம் ஆளில்லாத காடாகிவிடும்.

20 நிமிடம் பயிற்சி. கூட்டத்தின் உயிர் இதுதான். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு திறன். இரண்டு திறன் எடுத்தால் இரண்டும் அரைகுறை.

10 நிமிடம் விளையாட்டு, முடிந்தவரை அந்தத் திறனையே வைத்து. கடைசி 10 நிமிடம் அடுத்த கூட்டத்துக்கு யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுப்பது, இடத்தைப் பெருக்குவது, கலைவது. “எல்லாரும் மூங்கில் பார்த்துக் கொண்டுவாங்கடா” என்றால் ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். “முருகன் ரெண்டு கழி, சலீம் கயிறு” என்றால் வந்துவிடும்.

பெரும்பாலான கூட்டங்கள் கெடுவது விஷயம் பேசுகிற அந்தப் பத்து நிமிடத்தில். சந்தா பாக்கியில் சண்டை தொடங்கி அரை மணி நேரம் ஓடும், பயிற்சி காணாமல் போகும். குறிப்பு எழுதும் பிள்ளையிடம் (எழுத்தர்) ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து, பத்தாவது நிமிடத்தில் கைதட்டச் சொல்லுங்கள். முடியாத பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும்.

முடிச்சுப் பயிற்சியில் எப்போதும் குழப்பமாகிறது. என்ன செய்யலாம்?

முதல் காரணம், சொல்லித்தருபவர் எதிரே நிற்பது. எதிரே நிற்பவரின் வலது கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும். ரீஃப் நாட் போடும்போது பாதிப் பேர் அதைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். கற்பவரின் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து நின்று காட்ட வேண்டும்.

இரண்டாவது, கயிறு பற்றாக்குறை. மூன்று பேருக்கு ஒரு கயிறு இருந்தால் ஒருவர் கற்பார், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கொரு கயிறு வேண்டும்: 2 மீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன், பருத்தி அல்லது மென்மையான நைலான். தேங்காய் நார்க் கயிறு கழி கட்ட நன்றாக இருக்கும், முடிச்சுப் பழக உதவாது. கையை அறுக்கும், முடிச்சின் வடிவமும் தெரியாது. கயிற்றின் ஒரு பாதியைச் சிவப்புச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தால் எந்த முனை எதன் மேல் போகிறது என்று பளிச்சென்று தெரியும்.

ரீஃப் நாட்டுக்கு வாய்ப்பாடு: வலது இடதின் மேல், பிறகு இடது வலதின் மேல். சரியாக வந்திருந்தால் இரு சிறு முனைகளும் கயிற்றோடு ஒட்டி இணையாகப் படுத்திருக்கும். குறுக்கே துருத்திக்கொண்டு நின்றால் அது கிரானி நாட். அவிழும் அல்லது இறுகிப்போகும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ரீஃப் நாட் கட்டுத்துணிக்கு, பார்சலுக்கு. பாரம் தாங்கும் கயிறுகளை இணைக்க அல்ல. பருமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளுக்கு ஷீட் பெண்ட், கழியில் தொடங்க க்ளோவ் ஹிட்ச், இறுகாத வளையம் வேண்டுமென்றால் போலைன். எதற்கு என்று தெரியாமல் கற்ற முடிச்சு தேர்வு முடிந்ததும் மறந்துவிடும்.

கழிகளைக் குறுக்காகக் கட்டும் ஸ்கொயர் லேஷிங்கை இருவர் இருவராகச் செய்யவையுங்கள். மணிக்கட்டுப் பருமனுள்ள இரண்டு சவுக்குக் கழி, 3 முதல் 4 மீட்டர் கயிறு. நிற்கும் கழியில், குறுக்குக் கழிக்குச் சற்றுக் கீழே க்ளோவ் ஹிட்ச். அங்கிருந்து குறுக்குக் கழியின் முன்னும் நிற்கும் கழியின் பின்னுமாக மூன்று சுற்று, ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கி. பிறகு இரு கழிகளுக்கும் இடையில் புகுந்து, போட்ட சுற்றுகளையே நெருக்கும்படி இரண்டு அல்லது மூன்று சுற்று. கடைசியில் குறுக்குக் கழியில் க்ளோவ் ஹிட்ச். கட்டு ஆடினால் பெரும்பாலும் குற்றம் அந்த நெருக்குச் சுற்றில்தான். அதைப் போடும்போது கை ஓய்ந்திருக்கும். வழவழப்பான பச்சை மூங்கிலில் க்ளோவ் ஹிட்ச் வழுக்கும். முதல்முறைக்கு சவுக்கே நல்லது.

அணித் தலைவருக்கே அந்தத் திறன் தெரியாவிட்டால்?

தெரியாமல்தான் இருக்கும். அதற்கு ஆசிரியரின் வேலை இருக்கிறது: எல்லா அணித் தலைவர்களையும் துணைத் தலைவர்களையும் ஓர் அணியாகச் சேர்த்து, தானே அதன் தலைவராக இருந்து, ஒரு வாரம் முன்னதாகக் கற்றுக்கொடுப்பது. மூன்று அணிகள் என்றால் ஆறு பேர், கச்சிதமான அளவு. வெள்ளிக்கிழமை அவர்கள் கற்பார்கள், அடுத்த சனிக்கிழமை அவரவர் அணியில் சொல்லித்தருவார்கள்.

எதைக் கற்பது என்பதை இயக்கத்தின் படிநிலைகளை வைத்து எடுங்கள். பிரவேஷ் (நுழைவுப் படி) முடிக்காதவருக்கு உறுதிமொழி, ஒன்பது சட்டங்கள், வணக்கம், இடதுகைக் குலுக்கல். அடுத்த படியான பிரதம சோபானுக்கு முடிச்சுகளும் முதலுதவித் தொடக்கமும். அணிக்குள் மூன்று படிநிலைப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் 20 நிமிடத்தில் தலைவர் ஒரு மூலையிலும் துணைத் தலைவர் மறு மூலையிலும் சொல்லித்தரலாம். அதற்கும் அடுத்த துவிதிய சோபான் முடித்தவர் கற்பவராக இல்லாமல் சொல்லித்தருபவராக உட்காரட்டும்.

விளையாட்டுக்கு என்ன வைக்கலாம்? இடமும் குறைவு, ஆளும் குறைவு.

கிம் விளையாட்டு எப்போதும் கைகொடுக்கும். 24 சிறு பொருட்களை ஒரு துணியில் பரப்பி, ஒரு நிமிடம் பார்க்கவிட்டு மூடிவிட வேண்டும். 16ஐ நினைவில் வைத்து எழுதினால் தேர்ச்சி. ஆணி, புளியங்கொட்டை, பஸ் டிக்கெட், பொத்தான், சாவி, காய்ந்த வேப்பிலை என்று கலந்து வையுங்கள். முழுவதும் பேனா, பென்சில், ரப்பர் என்று பள்ளிச் சாமானாக இருந்தால் சுலபமாகிவிடும். அடுத்த முறை பொருளைத் துணிப் பையில் போட்டுத் தொட்டுச் சொல்லச் சொல்லலாம். அதற்கடுத்து மணம்: மிளகு, ஓமம், சுக்கு, கற்பூரம், காப்பித்தூள், ஐந்து சின்ன டப்பாவில்.

முதலுதவி எடுத்த நாளில் கட்டுத்துணி ஓட்டம். ஒரு மீட்டர் சதுரக் காடாத் துணியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டு கிடைக்கும். இருவர் ஓட, ஒருவருக்கு ஒருவர் கையைத் தாங்கும் தூளி கட்ட வேண்டும். வேகத்துக்கு மட்டும் மார்க் போடாதீர்கள். முழங்கைக்குக் கீழே கை தொங்கினால் கட்டியது கணக்கில் இல்லை.

பேட்ரோல் இன் கவுன்சில், கோர்ட் ஆஃப் ஹானர் இரண்டும் என்ன?

அணி முழுவதும் உட்கார்ந்து முடிவெடுக்கும்போது அந்த அமர்வுக்குப் பெயர் பேட்ரோல் இன் கவுன்சில். மேலே சொன்ன பத்து நிமிடப் பேச்சு அதுதான். பெரிய விஷயம் என்றால், உதாரணமாக நடைப்பயணம் எங்கே, முகாமில் என்ன சமைப்பது, அதற்கென்றே ஒரு கூட்டம் வைக்கலாம். ஓட்டெடுப்பைத் தள்ளிப்போடுங்கள். ஏழு பேரில் நான்கு–மூன்று என்று முடிவானால், அந்த மூவர் நடைப்பயணம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். பேசிப் பேசி ஐந்தாறு பேர் ஒத்துவரும் வரை இழுப்பதுதான் மலிவு.

கோர்ட் ஆஃப் ஹானர் அதற்கு மேலே. அணித் தலைவர்கள் சேர்ந்த மன்றம் அது. படைத் தலைவர் (படை முழுவதற்கும் தலைவரான மூத்த சாரணர்) இருந்தால் அவர் தலைமை வகிப்பார், சாரண ஆசிரியர் ஆலோசகராக இருப்பார். படையின் நிகழ்ச்சித் திட்டம், கணக்கு, விருதுப் பரிந்துரை, ஒழுங்குப் பிரச்சினை எல்லாம் அங்கே வரும். அணியில் முடிவானதை அணித் தலைவர் அங்கே எடுத்துச் செல்வார், அங்கே முடிவானதை அணிக்குத் திரும்பக் கொண்டுவருவார். இந்தத் திரும்பி வரும் பாதைதான் அடிக்கடி அடைபடும். “சார் சொல்லிட்டார்” என்று ஒரு வரியில் முடிப்பார்கள். ஏன் என்ற காரணத்தையும் சொல்லப் பழக்க வேண்டும்.

மன்றத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசியது வெளியே போகக் கூடாது. குறிப்பேட்டில் முடிவை மட்டும் எழுதுங்கள். யார் என்ன தப்புச் செய்தான் என்று விவரம் எழுதாதீர்கள். அந்த நோட்டை அடுத்த வருடம் வேறொருவர் படிப்பார்.

அணிக் கூட்டத்தில் ஆசிரியர் எங்கே இருக்க வேண்டும்?

கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில். வட்டத்துக்குள் ஆசிரியர் வந்து உட்கார்ந்த அடுத்த நொடி எல்லாக் கண்களும் அவர் பக்கம் திரும்பும், அணித் தலைவர் காணாமல் போய்விடுவார். தப்பாகச் சொல்லித்தருவதைப் பார்த்தாலும் அங்கேயே திருத்தக் கூடாது. கூட்டம் முடிந்ததும் தலைவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னால், அடுத்த கூட்டத்தில் அவரே திருத்திக்கொள்வார். ஒரு வாரம் ஏழு பிள்ளைகள் கிரானி நாட்டோடு திரிவதால் உலகம் முழுகாது.

இதற்கு ஒரே விலக்கு ஆபத்து. கத்தி, நெருப்பு, தண்ணீர், உயரம், ஒருவரை ஒருவர் அடிப்பது, கேலி எல்லை மீறுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே தலையிட வேண்டும். வீட்டுத் திண்ணையில் கூட்டம் என்றால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் இருப்பதை முன்கூட்டியே உறுதிசெய்து, எல்லாப் பெற்றோருக்கும் இடமும் முடியும் நேரமும் தெரிவியுங்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியே இருக்கும்படி எந்தக் கூட்டமும், எந்தக் கண்டிப்பும் நடக்கக் கூடாது. தனியே கூப்பிட்டுச் சொல்வது என்றால் மற்றவர் பார்வையில் படும்படி மைதானத்து ஓரத்தில்.

யாருக்கு என்ன வேலை?

எல்லோருக்கும் ஒன்று. எழுத்தர் வருகையையும் குறிப்பையும் எழுதுவார், பொருளாளர் சந்தா, சாமான்களுக்குப் பொறுப்பான குவார்ட்டர் மாஸ்டர் அணிப் பெட்டியின் சாவி, பிறகு முதலுதவி, சமையல், பாட்டு. புதிதாகச் சேர்ந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் வேலை வேண்டும். கொடி அவன் கையில் இருக்கட்டும்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும்: முடிச்சுக் கயிறு 8, முக்கோணக் கட்டு 4, கட்டுக்கயிறு உருண்டை 1, கத்தரிக்கோல், திசைகாட்டி, சாக்பீஸ், முதலுதவிப் பொருட்கள். தீப்பெட்டி பெட்டியில் தங்கக் கூடாது.

சந்தா வாரம் 5 ரூபாய் என்றால் ஏழு பேருக்கு மாதம் 140 ரூபாய். தொகை சின்னது, ஆனாலும் வரவு செலவு எழுதியே ஆக வேண்டும். கொடுக்க முடியாத பிள்ளையின் பெயரை வட்டத்தில் வாசிக்காதீர்கள். பழைய பேப்பர் சேகரித்து விற்று அணி மொத்தமும் சந்தாவை ஈட்டினால் அந்தச் சிக்கலே இல்லை.

அணித் தலைவர் எல்லோரையும் அதட்டுகிறார். அல்லது, அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய். என்ன செய்யப் போகிறோம் என்று திட்டமில்லாமல் வந்து நிற்கும் தலைவர்தான் கத்துவார், அவர் முன்னால்தான் மற்றவர்களும் ஆடுவார்கள். முந்தின நாள் ஒரு துண்டுச் சீட்டில் ஆறு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்: திறப்பு, ஆய்வு, பேச்சு, பயிற்சி, விளையாட்டு, முடிப்பு. அதற்கு எதிரே யார் நடத்துவது என்று ஒரு பெயர். விளையாட்டைத் துணைத் தலைவரும் ஆய்வை இன்னொருவரும் நடத்தினால் தலைவரின் தொண்டைக்கும் ஓய்வு.

தண்டனை கொடுக்கும் உரிமை அணித் தலைவருக்குக் கிடையாது. தோப்புக்கரணம் போடவைப்பது, மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பது எதுவும் கூடாது. சரிப்படாத விஷயம் கோர்ட் ஆஃப் ஹானருக்குப் போகட்டும்.

அணிகளுக்குள் புள்ளிப் போட்டி வைக்கலாமா?

வைக்கலாம். வருகைக்குப் புள்ளி கொடுத்தால் சதவீதத்தில் கொடுங்கள். எட்டுப் பேர் அணியில் ஆறு பேர் வந்தால் 75, ஆறு பேர் அணியில் ஐந்து பேர் வந்தால் 83. தலையெண்ணிக் கொடுத்தால் சின்ன அணிக்கு எப்போதும் தோல்வி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலகையை அழித்து பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள். ஜூனில் பின்தங்கிய அணிக்கு டிசம்பரில் ஓட மனது வராது.

இது குருளையருக்கும் (சாரணர் வயதுக்குக் கீழே உள்ள சின்னப் பிள்ளைகளின் பிரிவு) பொருந்துமா?

இல்லை. குருளையரில் ஆறு பேர் கொண்ட சிக்ஸ் உண்டு, அதற்கு சிக்ஸர் என்ற சிறு தலைவரும் உண்டு. வரிசையில் நிறுத்த, பொருளைப் பகிர்ந்து கொடுக்க அவர் உதவுவார். தனியே கூட்டம் நடத்துவது அந்த வயதுக்கு மேற்பட்ட வேலை.

அணித் தலைவர் பத்தாம் வகுப்பு போகிறார். பொதுத் தேர்வு வருடம், வீட்டில் விடமாட்டார்கள்.

தெரிந்த விஷயம்தான், தமிழ்நாட்டில் வருடாவருடம் நடப்பது. ஒன்பதாம் வகுப்பின் ஜனவரியிலேயே கைமாற்றத்தைத் தொடங்குங்கள். அந்த மாதத்திலிருந்து ஒரு கூட்டத்தைத் தலைவரும் அடுத்ததைத் துணைத் தலைவரும் நடத்தட்டும். ஏப்ரலுக்குள் நான்கைந்து கூட்டம் புதியவர் கையில் போயிருக்கும். பழையவரை அணியிலிருந்து பெயர் நீக்க வேண்டியதில்லை. வர முடிந்த நாளில் வந்து ஒரு திறனைச் சொல்லித்தந்துவிட்டுப் போகலாம். ஆனால் வட்டத்தில் உட்காரும்போது தலைவரின் இடத்தில் உட்காரக் கூடாது.

கைமாற்றும் நாளில் மூன்றை எண்ணி வாங்குங்கள்: பெட்டிச் சாவி, கணக்கு நோட்டு, குறிப்பேடு. சாவி அந்த அண்ணன் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, அணி ஜூலை வரை கயிறில்லாமல் கூட்டம் நடத்துவது சகஜம்.